சாம்பலில் பதிந்த மூன்று விரல்

அண்ணாச்சி, முதல்லயே சொல்லிருதேன், எனக்கு இந்தப் பேய் பிசாசு ஆவி எதுலயும் நம்பிக்கை கெடையாது. இப்பமும் கெடையாதுன்னுதான் சொல்லுவேன், முன்ன மாதிரி சத்தமா சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். நாங்க பாளையங்கோட்டைப் பக்கம் மூணு தலைமுறையா கிறிஸ்தவங்க. எங்கம்மா ஆழ்வார்குறிச்சில சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த டீச்சர். வீட்டுல ராகுகாலம் கெடையாது, சூலம் கெடையாது, பூனை குறுக்க போனா அதுக்கு என்ன அவசரமோன்னு சொல்லிட்டுப் போற குடும்பம். சின்ன வயசுல சேக்காளிங்க ஒரு புளியமரத்தைக் காட்டி மோகினி இருக்குன்னு சொன்னப்பம், அதுல ஏறி உக்காந்து பழம் பறிச்சித் தின்னுட்டு வந்தவன் நான். அந்த ஆளுதான் இப்பம் இதை உங்ககிட்ட சொல்லுதேன். உங்க மோட்டாருக்குக் காயில் சுத்திப் போட்ட வார்னிஷ் காய எப்பிடியும் ரெண்டு மணி நேரம் ஆவும், அதுவரைக்கும் இந்தத் தொழிற்பேட்டையை விட்டு நீங்களும் எங்கயும் போக முடியாது. கேளுங்க. நம்புனா நம்புங்க, நம்பாட்டா டீயைக் குடிச்சிட்டுப் பேசாம இருங்க.

நான் ஜப்பான்ல ரெண்டரை வருசம் இருந்தேன். ஜப்பான்னதும் உங்களுக்கு வேகமா ஓடுற ரயிலும் உசரக் கட்டடமும் நெனைப்பு வரும், நான் இருந்தது சுத்தப் பட்டிக்காடு. தெற்குப் பக்கம் கடலோரத்துல ஒரு மலை, மலையடியில முப்பது வீடு, அதுல பாதி பூட்டிக் கெடக்கும், மீதியில இருக்கவங்க எல்லாம் அறுபது எழுபது வயசுக்காரங்க. அங்கன முள்ளங்கித் தோட்டத்துல எனக்கு வேலை. நம்ம ஊரு முள்ளங்கின்னு நெனைக்காதீங்க, ஒண்ணொண்ணும் தண்ணிக் குடம் அளவு இருக்கும், ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சித்தான் தூக்கணும். முதல் நாள் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புனேன், இதை வச்சி எத்தனை நாளைக்குல சாம்பார் வைக்கன்னு கேட்டாவ. முள்ளங்கி முடிஞ்சா சீனிக்கிழங்கு. அந்த மண்ணு அப்பிடி, ஏன்னா அது மலை கக்குன மண்ணு. ஆமா, எரிமலைதான். அணைஞ்சது இல்ல, உசுரோட இருக்கது.

நீங்க பயந்து பயந்து இருப்பீங்களான்னு எல்லாரும் கேப்பாங்க. ஒரு வாரந்தான் பயம், அப்புறம் பழகிரும். நாம இங்கன மழை வருமான்னு டிவி பாக்கோம்லா, அங்கன சாம்பல் எந்தப் பக்கமா அடிக்கும்னு பாப்பாங்க, காத்து நம்ம பக்கம்னா துணி காயப் போட மாட்டாங்க. பிள்ளைங்க தொப்பிக்குப் பதிலா ஹெல்மெட் போட்டுட்டு பள்ளிக்கூடம் போவும். ரோட்டோரத்துல பஸ் ஸ்டாப் மாதிரி கான்கிரீட் குகை கட்டி வச்சிருப்பாங்க, கல்லு பறந்து வந்தா ஓடி ஒளிய. கல்லறைக்கெல்லாம் தனித்தனியா கூரை போட்டிருப்பாங்க, செத்தவங்க தலையிலயும் சாம்பல் விழக்கூடாதாம். ரைஸ்மில் பக்கத்துல வீடு இருந்தா மொட்டை மாடியில கரி விழும் பாத்திருக்கீங்களா, அதே கதைதான், அங்கன வானமே ரைஸ்மில்.

இதுல ஒரு கட்டுப்பாடு உண்டு. சாம்பல் விழுந்து நின்னதும் அவனவன் வீட்டு முன்னாடியை அவனவன் பெருக்கி, பஞ்சாயத்துல குடுக்கற மஞ்சள் பையில கட்டி, தெரு முக்குல கொண்டு வைக்கணும். மழை வாரதுக்குள்ள செஞ்சாகணும். மழை பட்டுதுன்னா சாம்பல் சிமெண்டு மாதிரி இறுகிரும், சாக்கடை அடைச்சிக்கும், அப்புறம் கடப்பாரை வச்சித்தான் எடுக்கணும். ஒருத்தன் பெருக்காம விட்டா தெருவுக்கே கஷ்டம். நான் போன புதுசுல ஒருநாள் அசந்து தூங்கிட்டேன். பக்கத்து வீட்டு மியாதா அம்மா, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், எங்க தெருவுக்கு அதுதான் கலெக்டர், அது ஒரு வார்த்தை திட்டலை. என் வீட்டு முன்னாடியையும் சேத்துப் பெருக்கி வச்சிட்டு, என்னைப் பாத்து குனிஞ்சி வணக்கம் சொல்லிட்டுப் போச்சி. நாலு பேரு முன்னால செருப்பால அடிச்சிருந்தாக்கூட எனக்கு அம்புட்டு வெக்கமா இருந்திருக்காது. அதுக்கப்புறம் சாம்பல் நின்ன அடுத்த நிமிசம் நான் வாரியலோட வாசல்ல நிப்பேன்.

இனி தம்பியைப் பத்திச் சொல்லணும். அவன் பேரு டைட்டஸ். எனக்கு நாலு வயசு எளையவன். அப்பா எங்களுக்கு விவரம் தெரியுறதுக்கு முந்தியே தவறிட்டாவ, அதனால வீட்டுல அம்மா, நான், அவன், மூணே பேருதான். பேட்டையிலதான் வேற ஒரு பட்டறையில வேலை பாத்தான். ஒருநாள் சங்கிலி நழுவி இரும்புத் தகடு ஒண்ணு இடது கால்ல விழுந்திச்சி. சுண்டுவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும் போயிட்டு, மூணுதான் மிச்சம். நடப்பான், சைக்கிள் மிதிப்பான், பைக் ஓட்டுவான், ஆனா குதிங்கால் லேசா ஒரு இழுப்பு இழுக்கும். ஜப்பான் போவணும்னு ஆசைப்பட்டதே அவன்தான் அண்ணாச்சி. அவன்தான் என்னையும் அந்த மொழி வகுப்புல கொண்டு சேத்தான். எட்டு மாசம் ஒண்ணாப் படிச்சோம், என்னை விட அவனுக்கு நல்லா வரும், நான் அவன் நோட்டைப் பாத்துதான் எழுதிப் படிச்சேன். பரீட்சையில ரெண்டு பேரும் தேறுனோம். ஏஜென்சில இருந்து வந்த ஆளு எல்லாரையும் இங்கயிருந்து அங்க வரைக்கும் நடந்து காட்டச் சொன்னான். இவன் நடந்தான். தம்பி, இது வயல் வேலை, உங்களுக்குத் தோதுப்படாதுன்னுட்டான். நான் மட்டும் போனேன்.

போகும்போது நான் சொன்னேன், ஏலே கவலைப்படாத, நான் போயி ஓனர்ட்ட நேர்ல பேசி அடுத்த வருசம் உன்னையக் கூப்பிட்டுக்கிடுதேன்னு. அவன் அதை நம்புனான். தெனமும் வீடியோவுல கூப்பிடுவான், வேற ஒண்ணும் கேக்க மாட்டான், அண்ணே மலையைக் காட்டும்பான். நான் சன்னல் பக்கமா போனைத் திருப்பிக் காட்டுவேன். புகை நிறைய வந்தா அவனுக்குச் சந்தோசம். நான் வந்ததும் முதல் ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மேல ஏறுவோம்ணே என்பான். மேல ஏற விட மாட்டாங்கலே, ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாடியே கேட் போட்டிருக்கும்னு சொல்லுவேன். அதெல்லாம் போலாம்ணே, பைய போலாம் என்பான்.

இப்பம் ஒரு உண்மையைச் சொல்லணும், இதை என் வாயால யார்ட்டயும் சொன்னதில்ல. மூணாவது வருசம் ஓனரே என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு, உன்னை மாதிரி இன்னொருத்தன் உங்க ஊர்ல இருக்கானா, ஒரு ஆள் வேணும்னு. நான் ஒரு நிமிசம் யோசிச்சேன். என் ஒப்பந்தம் முடிய ஆறு மாசம் இருந்திச்சி, அதை நீட்டணும். இவன் வந்து கால் இழுத்துக்கிட்டு முள்ளங்கி தூக்க முடியாம நின்னா என் பேரும் சேந்து கெட்டுரும்னு ஒரு பயம். எனக்குத் தெரிஞ்சி யாருமில்ல சார்னு சொல்லிட்டேன். சொந்தத் தம்பி அண்ணாச்சி. அவன் நோட்டைப் பாத்துப் படிச்சி அங்க போனவன் நான்.

அந்த மே மாசக் கடைசியில, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டான். வழக்கம் போல மலையைக் காட்டுனேன்.

"இன்னைக்குப் புகை கம்மியா இருக்கேண்ணே."

"நாளைக்குச் சேத்து விடும் பாரு."

"ஓனர்ட்ட என் விசயம் கேட்டியா?"

"கேட்டேன்லே. யோசிச்சிச் சொல்லுதேன்னாரு."

அப்புறம் கேட்டான், "நெசமாவே கேட்டியாண்ணே?"

"ஏலே, பின்ன பொய்யா சொல்லுதேன்?"

"சரிண்ணே"ன்னான். அவ்வளவுதான். கோவமும் இல்ல, வருத்தமும் இல்ல, கடைக்காரன் சில்லறை இல்லன்னு சொன்னா நாம சரின்னுட்டு வருவோம்லா, அப்பிடி ஒரு சரி.

மறுநாள் ஞாயித்துக்கிழமை, எனக்கு லீவு. சரியா மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும், சோறு பொங்கி இறக்குதேன், மலை ஒரு சத்தம் குடுத்துது. சன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்திச்சி. எட்டிப் பாத்தா கறுப்பா ஒரு தூண் மாதிரி எந்திரிச்சி மேல போவுது, காத்து எங்க பக்கம். பத்து நிமிசத்துல சாம்பல் கொட்ட ஆரம்பிச்சிட்டு. அதுவரைக்கும் நான் பாத்ததுலயே அதுதான் பெருசு. பட்டப்பகல் அப்பிடியே மங்கி, வீட்டுக்குள்ள லைட் போட வேண்டியதாப் போச்சி. கதவு சன்னல் எல்லாத்தையும் இழுத்துச் சாத்திட்டு, இடுக்குல ஈரத்துணியை வச்சி அடைச்சிட்டு உக்காந்தேன். வெளிய நடக்கக் கூடாதுன்னு ஒலிபெருக்கியில சொல்லுதாங்க. சாப்பிட்டேன். கண்ணு அசந்திச்சி, சாஞ்சி படுத்தேன்.

தூக்கம்னு சொல்ல முடியாது. ஒலிபெருக்கி கேக்கு, சாம்பல் கூரையில விழுற சத்தம் கேக்கு. அதுக்கிடையில வாசக் கதவு தள்ளுற சத்தம் கேட்டுது. அங்கன கதவெல்லாம் பக்கவாட்டுல தள்ளுறதுதான், எங்க வீட்டுக் கதவு தண்டவாளத்துல மாட்டி ஒரு கீச்சு சத்தம் போடும், அந்தச் சத்தம். ஒருதடவை தள்ளுறது, அப்புறம் பையச் சாத்துறது. காத்தா இருக்கும்னு நெனைச்சேன். தள்ளுற கதவை எந்தக் காத்து தொறந்து திரும்பச் சாத்தும்னு எனக்கு அப்பம் தோணவே இல்ல.

ரெண்டு மணி வாக்குல சாம்பல் நின்னுட்டு. வாரியலை எடுத்துட்டு கதவைத் தொறந்தேன். இடுக்குல நான் வச்சி அடைச்ச ஈரத்துணி ஓரமா மடிச்சி வச்சிருந்திச்சி. நாலா மடிச்சி, சின்னப்பிள்ளை கைக்குட்டை மடிச்ச மாதிரி. அதை நான்தான் செஞ்சிருப்பேன்னு நெனைச்சேன். அண்ணாச்சி, மனுசன் எதையும் தானே செஞ்சதா நெனைச்சிக்கிடுவான்.

வெளிய ஒரே சாம்பல் நெறம். தெரு, வேலி, செடி, எதிர்வீட்டுக் கார், எல்லாம் ஒரே நெறம், ஒரு விரக்கடை உசரத்துக்கு. காக்கா குருவி தடம்கூட அதுல கெடையாது. என் வாசப்படியில இருந்து மட்டும் காலடித்தடம் போவுது. செருப்பு இல்லாத காலு. வந்த தடம் இல்ல, போன தடம். வாசல்ல ஆரம்பிச்சி, முத்தத்தைத் தாண்டி, தெருவுல எறங்கி, இடது பக்கம் திரும்பி, மலையைப் பாத்து மேல போவுது. உள்ள இருந்து ஒரு ஆளு வெளிய போயிருக்கான். உள்ள நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

குனிஞ்சி பாத்தேன். வலது கால்ல அஞ்சு விரலும் தெளிவா இருந்திச்சி. இடது கால்ல பெருவிரல், அடுத்தது, அதுக்கடுத்தது. மூணோட முடிஞ்சிட்டு. குதிங்கால் பக்கம் ஒவ்வொரு தடத்துலயும் சின்னதா ஒரு இழுப்பு.

உங்களுக்கு இப்பம் எப்பிடி இருக்கோ தெரியலை, எனக்கு அந்த நிமிசம் பயமே வரலை. டைட்டஸ்னு பேரு வாயில வந்திச்சி, சிரிப்பும் சேந்து வந்திச்சி. நாலாயிரம் மைலுக்கு அப்பால இருக்கவன் இங்கன எப்பிடி நடப்பான், தெருவுல எவனோ கிழவனுக்கும் விரல் போயிருக்கும், குடிச்சிட்டு வந்து படியில உக்காந்துட்டுப் போயிருப்பான்னு நானே ஒரு கதை கட்டிக்கிட்டேன். ஆனாலும் எங்க போவுதுன்னு பாத்துட்டு வருவோம்னு ரெண்டு எட்டு எடுத்து வச்சேன்.

மியாதா அம்மா அவங்க வாசல்ல நின்னுச்சி. அதுவும் அந்தத் தடத்தைப் பாத்துது. இதை நல்லாக் கேட்டுக்கோங்க, நான் மட்டும் பாக்கலை. "உங்க வீட்டுக்கு விருந்தாளியா?"ன்னு கேட்டுச்சி. "இந்தச் சாம்பல்ல செருப்புகூட இல்லாமப் போறாரே, பாவம்"னுச்சி. நான் பதில் சொல்லதுக்குள்ள வானத்தைக் காட்டி, "மழை வருது, சீக்கிரம்"னு சொல்லிட்டுத் தன் பக்கத்தைப் பெருக்க ஆரம்பிச்சிட்டு. கடல் பக்கம் மேகம் கறுத்துட்டு வந்திச்சி. தெருவுல எல்லாரும் வாரியலும் தகரமுமா எறங்கிட்டாங்க. எல்லாரும் பெருக்கும்போது நான் மட்டும் தடம் பாத்துட்டு மலைக்குப் போனா என்ன நெனைப்பாங்க? முந்தி ஒருதடவை பட்ட வெக்கம் மனசுல நின்னுச்சி. நான் வாரியலை ஊனுனேன்.

அப்பம்தான் அம்மா நெனைப்பு வந்திச்சி. வீட்டுல ராகுகாலம் இல்லன்னு சொன்னேன்லா, ஆனா எங்கம்மா ஒரே ஒரு விசயத்துல மட்டும் விட்டுக் குடுக்காது. வீட்டுல இருந்து ஒருத்தர் வெளியூர் கெளம்பிட்டா, அவுக போயிச் சேர வரைக்கும் வாசலைப் பெருக்கக் கூடாது. சாவு எடுத்த வீட்டுலதான், போனவங்க திரும்ப வந்துரக் கூடாதுன்னு, ஆள் போன உடனே வெளியப் பாத்துப் பெருக்குவாங்கன்னு சொல்லும். எங்க கோயில் ஐயர், அதான் எங்க பாதிரியார், அவரே ஒருதடவை கேலி பண்ணுனாரு, என்ன டீச்சரம்மா வேதத்துல இது எங்க இருக்குன்னு. வேதத்துல இல்ல ஐயரே, என் வீட்டுல இருக்குன்னுச்சி அம்மா. நான் ஜப்பானுக்குக் கெளம்புன அன்னைக்கு, நான் போயி எறங்கி போன் பண்ணுற வரைக்கும், ரெண்டு நாள் எங்க வீட்டு வாசல் குப்பையாக் கெடந்திருக்கு.

அந்த நெனைப்பு வந்தும் நான் பெருக்குனேன். முதல் தடம் வாசப்படியில, அதுல வாரியலை வச்சேன். அது போயிட்டு. அடுத்தது போயிட்டு. மூணு விரலையும் ஒண்ணொண்ணா அழிச்சிக்கிட்டே முத்தத்தைத் தாண்டி தெரு வரைக்கும் போனேன். தெருவுல போன தடத்தை மியாதா அம்மா அது பங்குக்கு அழிச்சிது, அதுக்கு மேல இருந்ததை அடுத்த வீட்டுக்காரர், அதுக்கும் மேல அதுக்கடுத்தவர். பத்து நிமிசத்துல தெருவே சேந்து அவன் போன வழியைத் துடைச்சி வச்சிட்டோம். மூணு பை நெறஞ்சிது. கட்டி முக்குல கொண்டு வைக்கவும் மழை விழவும் சரியா இருந்திச்சி. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் குனிஞ்சி, நல்லா வேலை பாத்தீங்கன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போனோம்.

சாயங்காலம் ஆறரைக்கு அம்மாட்ட இருந்து போன். நம்ம ஊர்ல அப்பம் மூணு மணி.

"ஏலே செல்வின், டைட்டஸ் உனக்குப் போன் பண்ணுனானா?"

"இல்லையே, ஏம்மா?"

"காலையில எட்டரைக்குக் கோயிலுக்குன்னு கெளம்புனான். கோயிலுக்கு வரலைங்காவ. சாப்பாட்டுக்கும் வரலை. போனை வீட்டுலயே வச்சிட்டுப் போயிருக்கான்லே."

நம்ம ஊரு எட்டரைன்னா அங்கன பன்னெண்டு. மலை சத்தம் குடுத்த அதே நேரம்.

நான் மழையில ஓடுனேன் அண்ணாச்சி. மலை ரோட்டுல, அந்தக் கேட் வரைக்கும். வழியில இருந்த கான்கிரீட் குகை ஒவ்வொண்ணுக்குள்ளயும் எட்டிப் பாத்தேன். டைட்டஸ், டைட்டஸ்னு கத்துனேன். தமிழ்ல கத்துனேன், அப்புறம் என்னவோ ஜப்பான் மொழியிலயும் கத்துனேன், அவனுக்குத்தான் அது நல்லா வருமே. ரோடு முழுக்கச் சாம்பலும் மழையும் சேந்து சேறா ஓடுது, அதுல என்ன தடம் இருக்கும். கேட் பூட்டிக் கெடந்திச்சி. அதுக்கு அந்தப்பக்கம் ரோடு மேல போயி மேகத்துக்குள்ள மறையுது. கம்பியைப் பிடிச்சிட்டு அங்கனயே நின்னேன். மழை வாரதுக்கு முந்தி, அந்த ரெண்டு மணிக்கு நான் தடம் பாத்துப் போயிருந்தா எதுவரைக்கும் போயிருப்பேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மூணாம் நாள் ஊருக்கு வந்து சேந்தேன். மாமா மகன் ஒருத்தன் ஞாயித்துக்கிழமை பொழுது சாய முந்தியே டைட்டஸோட பைக்கை ஆத்தோரம் ஒரு படித்துறையில கண்டுபிடிச்சிருக்கான். படியில செருப்பு ரெண்டும் ஜோடியா வச்சிருந்திருக்கு. வெயில் காலம், நம்ம தாமிரவருணி எப்பிடிக் கெடக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்த எடத்துல முழங்கால் தண்ணிகூட இல்ல. அதுல எப்பிடி ஒரு ஆளு முங்குவான்? தீயணைப்புக்காரங்க ரெண்டு நாள் தேடுனாங்க, பள்ளமெல்லாம் பாத்தாங்க, ஒண்ணுமில்ல. போலீஸ்ல, வயசுப் பையன், எங்கயாவது போயிருப்பான், கோவம் தணிஞ்சா வருவான்னாங்க. கோவம்னு யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். அவன் கூடப் படிச்ச ஒரு பையன் சொல்லியிருக்கான். எங்க ஓனர் ஏஜென்சில ஆள் கேட்டிருக்காரு. ஏஜென்சிக்காரங்க, டைட்டஸ் அப்பமும் விடாமப் போயிட்டிருந்த அந்த மொழி வகுப்புல வந்து, செல்வின்கிட்ட முதல்ல கேட்டாராம், அவரு தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லன்னுட்டாராம்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போயிருக்காங்க. வெள்ளிக்கிழமை நடந்தது அது. சனிக்கிழமை என்கிட்ட அவன் கேட்டது விசயம் தெரியாமக் கேட்டது இல்ல. நான் நெசம் சொல்லுதேனான்னு பாக்க ஒரு தடவை வாய்ப்புக் குடுத்திருக்கான்.

அதுக்கப்புறம் நான் திரும்ப ஜப்பானுக்குப் போகலை. நாங்குநேரி, நாகர்கோவில், பாபநாசம், குத்தாலம், மதுரைன்னு போஸ்டர் ஒட்டிட்டு அலைஞ்சேன். ஆஸ்பத்திரில இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, அடையாளம் தெரியாத சவம் இருக்கு வந்து பாருங்கன்னு. நான் மூஞ்சியைப் பாக்கவே இல்ல, துணியை விலக்கி இடது காலை மட்டும் காட்டச் சொன்னேன். ரெண்டு தடவையும் அஞ்சு விரல் இருந்திச்சி. வெளிய வந்து மரத்தடியில உக்காந்து அழுதேன். அஞ்சு விரல் இருந்ததுக்குச் சந்தோசப்படவான்னும் தெரியலை, அதுக்கு ஏன் அழுதேன்னும் தெரியலை. நாலு வருசம் ஆச்சி. அவன் உசுரோட இருக்கான்னு நெனைக்க எனக்குத் தெம்பில்ல, இல்லன்னு நெனைக்க எனக்கு உரிமை இல்ல.

அம்மாட்ட தடத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சத்தியமாச் சொல்லுதேன், அம்மாட்ட மட்டுமில்ல, ஐயர்ட்ட சொல்லலை, மாமாட்ட சொல்லலை, இந்தப் பட்டறையில யாருக்கும் தெரியாது. இன்னைக்குத்தான் முதல் தடவையா வாயைத் தொறக்கேன். ஓனர் கேட்டதுக்கு நான் இல்லன்னு சொன்னது அம்மாவுக்குத் தெரியும், ஊரே சொல்லிட்டு. அதுக்கும் அம்மா என்னைத் திட்டலை. மறுபடி என்கூடப் பேச எட்டு மாசம் ஆச்சி, அவ்வளவுதான். சாம்பல் விழும், பெருக்குவோம்னு பொதுவா சொல்லியிருக்கேன். அந்த ஞாயித்துக்கிழமை சாம்பல் விழுந்திச்சின்னுகூட நான் சொன்னதில்ல.

போன மாசம் ஒரு நாள் மத்தியானம். நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா அடுக்களையில கீழ உக்காந்து சீனியவரைக்காய் நறுக்கிட்டு இருந்தாவ. நான் சாப்பிட்டுட்டுக் கை கழுவுதேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டாவ.

"ஏலே, அன்னைக்கு அவன் போன பெறவு நீ வாசலைப் பெருக்குனேல்லா."

நான் கையில இருந்த செம்பைக் கீழ வச்சேன்.

"எந்தப் பக்கமாலே பெருக்குன? வீட்டைப் பாத்துப் பெருக்குனியா, மலையைப் பாத்துப் பெருக்குனியா?"

யாரும்மா உங்களுக்குச் சொன்னதுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. கேட்டா யாரு பேரைச் சொல்லுவாவன்னு எனக்குப் பயமா இருந்திச்சி. அம்மா கத்தியை நிறுத்திட்டு என்னையே பாத்துட்டு இருந்தாவ. நாலு வருசத்துல அந்தக் கண்ணுல அப்பிடி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததில்ல, பரீட்சை எழுதுன பிள்ளை மார்க்கு கேக்க நிக்குமே, அப்பிடி.

"வீட்டைப் பாத்துதாம்மா"ன்னேன்.

"அப்பம் சரி"ன்னாவ. ஒரு மூச்சு விட்டுட்டு மறுபடி நறுக்க ஆரம்பிச்சிட்டாவ. அன்னையில இருந்து தெனமும் மூணு பேருக்கு உலை வைக்காவ, வாசக் கதவைத் தாப்பாள் போட விட மாட்டேங்காவ. திருடன் வருவான்னு சொன்னாக்கூடக் கேக்கலை, வந்தா வந்துட்டுப் போவட்டும்ங்காவ. ராத்திரி நான்தான் முழிச்சிக் கெடக்கேன்.

நான் பெருக்குனது மலையைப் பாத்து, அண்ணாச்சி.